பாட்டுக்கென்று தனியாக ஒரு பிளேயர்: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

மியூசிக் பிளேயர் வாங்கலாம் என்று நினைத்தவுடன் எல்லோரும் பிளேயர்களைத்தான் தேட ஆரம்பிக்கிறோம். எத்தனை ஜிபி, எத்தனை அங்குலத் திரை, என்ன சிப் என்று ஒப்பிட்டுப் பார்ப்பதிலேயே ஒரு வாரம் ஓடிவிடும். கடைசியில் அலுத்துப்போய், யாரோ நல்லது என்று சொன்ன ஒன்றை வாங்கிவிடுவோம். என் முதல் பிளேயரை நான் அப்படித்தான் வாங்கினேன். ஒலி நன்றாகவே இருந்தது. ஆனால் நான் பாட்டுக் கேட்கும் விதத்துக்கு அது ஒத்துவரவில்லை.

அதனால் புதிதாக வாங்குகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான்: பிளேயரைக் கடைசியில் பாருங்கள். முதலில் உங்கள் பாட்டுகள் எங்கே இருக்கின்றன, அடுத்து காதில் எதை மாட்டிக் கேட்கப் போகிறீர்கள், அப்புறம் எந்த நேரத்தில், எப்படிக் கையில் பிடித்து இயக்கப் போகிறீர்கள் என்று யோசியுங்கள். இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்துவிட்டால் விற்பனைக்கு இருப்பவற்றில் பெரும்பகுதி தானாகவே கழிந்துவிடும்.

கைப்பேசி போதாதா என்று கேட்பீர்கள். பலருக்குப் போதும், அவர்கள் இதற்காகச் செலவு செய்யவே வேண்டாம். தனிப் பிளேயர் யாருக்கு என்றால், பாட்டின் நடுவே அழைப்பும் அறிவிப்பும் வரக் கூடாது என்பவர்களுக்கு. கைப்பேசியின் சார்ஜை மிச்சம் பிடிக்க வேண்டியவர்களுக்கு. குழந்தைக்கோ வயதானவருக்கோ இணையம் இல்லாத ஒரு கருவியைக் கொடுக்க நினைப்பவர்களுக்கு. இன்றைய கைப்பேசிகள் பலவற்றில் இயர்போன் செருகும் துளையே இல்லாததால், நல்ல வயர் ஹெட்போன் வைத்திருப்பவர்களும் இந்தப் பக்கம் வருகிறார்கள்.

முதல் படி: பாட்டு எங்கே இருக்கிறது?

உங்கள் பாட்டுகள் கணினியில் ஃபைல்களாக இருக்கின்றனவா, அல்லது மாதச் சந்தா கட்டும் ஏதாவது செயலியில் இருக்கின்றனவா? இந்த ஒரு கேள்வியிலேயே பாதை இரண்டாகப் பிரிந்துவிடுகிறது.

சந்தா செயலியில் ‘டவுன்லோட்’ செய்த பாட்டு உங்கள் ஃபைல் ஆகிவிடாது. அது பூட்டிய வடிவில் அந்தச் செயலிக்குள்ளேயே இருக்கும், சந்தா நின்றால் பாட்டும் நின்றுவிடும். அதை ஒரு சாதாரண பிளேயருக்கு நகலெடுக்க முடியாது. எனவே செயலியை நம்பியிருப்பவர்களுக்கு ஆண்ட்ராய்டில் ஓடும் பிளேயர்தான் வழி. அதை வாங்கும்போது எந்த ஆண்ட்ராய்டு பதிப்பு என்று கட்டாயம் கேளுங்கள். பிளேயர் நிறுவனங்கள் கைப்பேசி நிறுவனங்களைப் போல அடிக்கடி அப்டேட் தருவதில்லை. பதிப்பு பழசானால், ஒரு நாள் செயலி அதில் திறக்காது. வைஃபை உண்டா, செயலிகளைப் பிளே ஸ்டோரிலிருந்தே நேராக இறக்க முடியுமா என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

சொந்தமாக ஃபைல்கள் வைத்திருப்பவர்களின் நிலை இதைவிட எளிது. அவர்களுக்கு ஆண்ட்ராய்டே தேவையில்லை. சொந்த மென்பொருளில் ஓடும் சிறிய பிளேயர் சட்டென்று ஆன் ஆகும், பேட்டரி நீண்ட நேரம் நிற்கும், பத்து வருடம் கழித்தும் இதே வேலையை இதே போலச் செய்யும். சிடிக்கள் கைவசம் இருந்தால், சிடி டிரைவ் உள்ள கணினியில் அவற்றை ஃபைல்களாக மாற்றிக்கொள்ளுங்கள்.

இனி எத்தனை ஜிபி தேவை என்று பார்ப்போம். ஐந்து நிமிடப் பாட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 128 கிலோபிட் எம்பி3 ஆக இருந்தால் (எண் கூடினால் தரமும் ஃபைலின் அளவும் கூடும்) அது சுமார் 5 எம்பி. 320 கிலோபிட் என்றால் 12 எம்பி. சிடியில் உள்ளபடியே வைத்தால் 50 எம்பியைத் தாண்டும். ஃபிளாக் என்பது தரத்தில் ஒரு துளிகூடக் குறையாமல் சுருக்கும் வடிவம். அதில் பெரும்பாலும் 25 முதல் 35 எம்பி வரை வரும். ஆக, ஆயிரம் பாட்டு 320 கிலோபிட்டில் 12 ஜிபி, ஃபிளாக்கில் சுமார் 30 ஜிபி. 64 ஜிபி மெமரி கார்டு ஒன்று பெரும்பாலானவர்களின் தொகுப்பை அடக்கிவிடும். (கணினி அதை 59 ஜிபி சொச்சம் என்று காட்டினால் பதற வேண்டாம். தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், கணினி 1024 ஆக எண்ணுகிறது.)

1998இல் வந்த முதல் எம்பி3 பிளேயர்களில் 32 எம்பிதான் இடம். அரை மணி நேரப் பாட்டுக்கே நிறைந்துவிடும். 2001இல் வந்த முதல் ஐபாடில் 5 ஜிபி ஹார்டு டிஸ்க் இருந்தது, ஆயிரம் பாட்டு பிடிக்கும் என்பதே அதன் பெருமை. அன்று பிளேயரைத் தேர்ந்தெடுப்பது என்றாலே இடத்தைத் தேர்ந்தெடுப்பதுதான். இன்று கார்டு போட ஒரு துளை இருந்தால் அந்தக் கவலை முடிந்தது. கார்டு போட முடியாத பிளேயர் என்றால் மட்டும் உள்நினைவகத்தை யோசித்து வாங்குங்கள், பின்னால் கூட்ட முடியாது.

சிடியைவிட நுணுக்கமான ஒலி என்று சொல்லும் ‘ஹை-ரெஸ்’ முத்திரை பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதியவர்களின் பணம் அதிகம் போவது அங்கேதான். சிடியில் ஒலி நொடிக்கு 44,100 முறை அளந்து பதியப்படுகிறது. அந்த எண்ணில் பாதி வரையிலான அதிர்வெண்களை, அதாவது சுமார் 22,000 ஹெர்ட்ஸ் வரை, அதிலிருந்து முழுமையாக மீட்க முடியும். மனிதக் காதின் எல்லை 20,000 ஹெர்ட்ஸ், அதுவும் இளம் வயதில். வயது ஏற ஏற அந்த எல்லை இறங்கிக்கொண்டே வரும். ஆகவே 96,000, 192,000 என்று ஃபைல்கள் இருப்பதால் மட்டுமே கேட்கும் சுகம் கூடிவிடாது. நல்ல ஒலிப்பதிவு சிடி தரத்திலேயே அருமையாக இருக்கும், மோசமான பதிவை எந்த எண்ணாலும் காப்பாற்ற முடியாது.

நான் செய்வது இது: சிடியிலிருந்து எடுப்பதை ஃபிளாக்காகக் கணினியில் வைத்துக்கொள்வேன். அது மூலப் பிரதி. பிளேயரில் இடம் இருந்தால் அதையே போடுவேன், இல்லையென்றால் 256 அல்லது 320 கிலோபிட்டாக மாற்றிப் போடுவேன். இரண்டுக்கும் வித்தியாசம் தெரிகிறதா என்று நீங்களே சோதித்துப் பாருங்கள். எது ஓடுகிறது என்று சொல்லாமல் வேறொருவர் மாற்றி மாற்றிப் போட வேண்டும், நீங்கள் பத்து முறை சொல்ல வேண்டும். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: எம்பி3யை ஃபிளாக்காக மாற்றினால் ஃபைல் பெருக்குமே தவிர, போன ஒலி திரும்பி வராது.

இரண்டாம் படி: காதில் எதை மாட்டப் போகிறீர்கள்?

பிளேயருக்கும் இயர்போனுக்கும் சேர்த்து ஒரு தொகை ஒதுக்கினால், பெரிய பங்கை இயர்போனுக்குக் கொடுங்கள். இரண்டு சுமாரான பிளேயர்களுக்கு இடையே ஒலியில் உள்ள வித்தியாசத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டு இயர்போன்களுக்கு இடையே உள்ள வித்தியாசம் முதல் பத்து நொடியிலேயே தெரிந்துவிடும்.

புளூடூத்தில் மட்டுமே கேட்கப் போகிறீர்களா? அப்படியானால் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். டிஜிட்டல் எண்களை ஒலியலையாக மாற்றும் டாக் என்ற சிப்பும், அதன் சத்தத்தைப் பெருக்கும் பகுதியும் புளூடூத்தில் கேட்கும்போது இயர்போனுக்குள் இருப்பவைதான் வேலை செய்கின்றன. பிளேயருக்குள் இருக்கும் உயர்ரக டாக் அந்த நேரத்தில் சும்மா இருக்கும். அதற்காகக் கூடுதலாகக் கொடுத்த பணம் வீண். உங்களுக்கு முக்கியம், பிளேயரும் இயர்போனும் ஒரே கோடெக்கை, அதாவது ஒலியைச் சுருக்கி அனுப்பும் ஒரே முறையை, பேசுவது. எல்லாக் கருவிகளுக்கும் பொதுவானது எஸ்பிசி. அதைத் தவிர ஏஏசி, ஆப்டெக்ஸ், நொடிக்கு 990 கிலோபிட் வரை அனுப்பும் எல்டாக் என்று பல உண்டு. பிளேயரில் எல்டாக் இருந்து இயர்போனில் இல்லையென்றால், இரண்டுக்கும் பொதுவான வேறொன்றில்தான் ஓடும், எதுவும் ஒத்துப்போகவில்லை என்றால் எஸ்பிசியில். இரண்டு பெட்டிகளிலும் ஒரே பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

வயரில் கேட்பவர்களுக்கு 3.5 மில்லிமீட்டர் துளை போதும். 4.4 மில்லிமீட்டர் ‘பேலன்ஸ்டு’ துளை பெரும்பாலும் கூடுதல் சக்தி தரும். ஆனால் அதற்கேற்ற வயரும், அந்தச் சக்தி தேவைப்படும் ஹெட்போனும் உங்களிடம் இருந்தால்தான் அதனால் பயன். ஹெட்போனின் பெட்டியில் ஓம் என்று, மின்தடையைச் சொல்லும் ஓர் எண் இருக்கும். 16, 32 என்றால் பெரும்பாலும் எந்தச் சிறிய பிளேயரும் ஓட்டிவிடும். 250, 300 என்று இருந்தால் சிறிய பிளேயர் திணறும், முழு வால்யூமிலும் பாட்டு எங்கேயோ தூரத்தில் கேட்பது போல இருக்கும். குறைந்த சக்தியிலேயே சத்தமாக ஒலிக்கும், காதுக்குள் செருகும் இயர்போன்களில் இதற்கு நேரெதிரான தொல்லை வரும். சக்திமிக்க பிளேயரில் மாட்டினால் பின்னணியில் ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சல் கேட்கும். அமைதியான அறையில் வால்யூமைக் குறைத்து வைத்து, பாட்டு தொடங்கும் முன் இருக்கும் அந்த ஓரிரு நொடி நிசப்தத்தைக் கேளுங்கள். அப்போது எதுவும் கேட்கவில்லை என்றால் உங்கள் காதுக்கு அந்த ஜோடி சரி.

நீச்சல் அடித்துக்கொண்டே கேட்க நினைப்பவர்கள் புளூடூத்தை மறந்துவிடுங்கள். அந்த அலையைத் தண்ணீர் விழுங்கிவிடும், சில சென்டிமீட்டருக்கு மேல் போகாது. பாட்டைத் தனக்குள்ளேயே சேமித்துக்கொள்ளும் தலையணி வகை பிளேயர்தான் அதற்கு வேண்டும். நீரில் அமிழ்த்தலாம் என்ற ஐபிஎக்ஸ்8 தரக்குறி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மூன்றாம் படி: கண்ணை மூடிக்கொண்டு இயக்கிப் பாருங்கள்

என் அம்மாவுக்கு இரவில் தூக்கம் வராது. பாட்டுக் கேட்டால் வரும். ஆசையோடு நான் வாங்கிக் கொடுத்த முதல் பிளேயர் முழுக்கத் தொடுதிரை. இருட்டில் அதைத் தொட்டதும் வெளிச்சம் கண்ணில் அடிக்கும், கண்ணாடியைத் தேட வேண்டும், சின்ன எழுத்தைப் படித்து நிறுத்த வேண்டும். அதற்குள் வந்த தூக்கமும் போய்விடும். இரண்டே வாரத்தில் அது மேசைக்குள் போய்விட்டது.

அடுத்து வாங்கியது தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. முகப்பில் ஒரு வட்டம், நடுவில் சற்று குழிந்த ஒரு பொத்தான். அம்மா அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்வார். இருட்டில் கட்டைவிரல் வட்டத்தின் விளிம்பைத் தடவிக்கொண்டே போகும், குழி தட்டுப்பட்டதும் ஒரு அழுத்து. ‘டக்’ என்று மெல்லிய சத்தம், பாட்டு நிற்கும். கண்ணைத் திறக்கவே வேண்டாம். அவர் ஐந்து வருடமாக அதைத்தான் வைத்திருக்கிறார்.

கடையிலோ நண்பரிடமோ கையில் எடுத்துப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் இதைச் செய்யுங்கள்: பிளேயரைப் பைக்குள் போட்டு, பார்க்காமலே நிறுத்துங்கள், அடுத்த பாட்டுக்குப் போங்கள், வால்யூமைக் குறையுங்கள். மூன்றும் முடிந்தால் நடக்கவும் ஓடவும் பயணத்துக்கும் அது ஒத்துவரும். பொத்தான்களைப் பூட்டும் ‘ஹோல்டு’ வசதி இல்லையென்றால் பைக்குள் பாட்டு தானாக மாறிக்கொண்டே இருக்கும், அதையும் கவனியுங்கள். உட்கார்ந்த இடத்தில் ஆயிரக்கணக்கான ஆல்பங்களில் தேடிக் கேட்பவர்களுக்குத் தொடுதிரைதான் வசதி. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

நான்காம் படி: பெட்டியில் எழுதாத விஷயங்கள்

முதல் பிளேயர் எனக்கு ஒத்துவரவில்லை என்று சொன்னேன் அல்லவா? காரணம் ஒரு கச்சேரிப் பதிவு. இரண்டரை மணி நேரம் இடைவிடாமல் ஓடுவதைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பல ஃபைல்களாக வைத்திருந்தேன். கைதட்டல் ஏறிக்கொண்டே போய், அடுத்த உருப்படியின் முதல் தாளத்தில் கலக்க வேண்டிய இடம். அங்கே சரியாக அரை நொடி வெட்டு விழுந்தது. ஒவ்வொரு துண்டின் எல்லையிலும் அதே வெட்டு. அந்த நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டேன், பதிலே வரவில்லை.

எம்பி3 ஒலியை 1152 மாதிரிகள் (ஒலியை அளந்து பதிந்த எண்கள்) கொண்ட சிறு துண்டுகளாக வெட்டித்தான் சேமிக்கும். பாட்டின் நீளம் அதற்குள் கச்சிதமாக அடங்காதபோது முன்னும் பின்னும் கொஞ்சம் மௌனத்தைச் சேர்த்து நிரப்பும். நல்ல மென்பொருள் அந்த மௌனத்தைக் கணக்கிட்டுக் கழித்துவிடும், அடுத்த ஃபைலையும் முன்கூட்டியே தயாராக வைத்திருக்கும். இதற்குப் பெயர் ‘கேப்லெஸ்’. நேரடிக் கச்சேரி, ஒரு பாட்டு இன்னொன்றில் கரையும் ஆல்பம் ஆகியவற்றைக் கேட்பவர்கள் இந்தச் சொல் இல்லாத பிளேயரை வாங்காதீர்கள். தனித்தனிப் பாட்டாகக் கேட்பவர்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை.

அடுத்தது தமிழ் எழுத்து. மலிவான பிளேயர்கள் சிலவற்றில் தமிழ்ப் பெயர்கள் வெறும் கட்டங்களாகத் தெரியும். இன்னும் சிலவற்றில் எழுத்து வரும், ஆனால் உடைந்து வரும். ‘தென்றல்’ என்பதில் கொம்பு ‘த’வுக்குப் பின்னால் போய் நிற்கும், ‘கொ’ என்பது மூன்று துண்டாகச் சிதறும். எழுத்துரு மட்டும் இருந்தால் போதாது, எழுத்துகளைச் சேர்த்து அமைக்கும் திறனும் மென்பொருளில் இருக்க வேண்டும். ஆண்ட்ராய்டு பிளேயர்களில் இந்தத் தொல்லை பொதுவாக இருக்காது. மற்றவற்றை, தமிழில் பெயரிட்ட இரண்டு பாட்டை ஒரு கார்டில் எடுத்துப்போய்ப் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள். அதற்கு வழியில்லை என்றால் பாட்டின் பெயர்களை ஆங்கில எழுத்தில் மாற்றி வைக்கத் தயாராக இருங்கள்.

பாட்டு வரிசையிலும் சிக்கல் உண்டு. பிளேயர் திரையில் காட்டும் பெயர் பல நேரம் ஃபைலின் பெயர் கிடையாது. ஃபைலுக்குள் எழுதி வைத்திருக்கும் பாடகர், ஆல்பம், பாட்டு எண் போன்ற ‘டேக்’ விவரம்தான் அது. டேக் இல்லாத பாட்டுகளெல்லாம் ‘அன்னோன்’ என்ற ஒரே குவியலில் விழும். கணினியில் டேக் திருத்தும் இலவச மென்பொருள்கள் இருக்கின்றன, ஓர் ஆல்பத்துக்கு இரண்டு நிமிடம் போதும். டேக் சரிசெய்யப் பொறுமை இல்லாதவர்கள், ஃபோல்டர் வாரியாகத் தேடும் வசதி உள்ள பிளேயரை வாங்குங்கள். மிக மலிவான கருவிகள் பெயர் வரிசையைக்கூடப் பார்க்காமல், கார்டில் எந்த வரிசையில் நகலெடுத்தோமோ அந்த வரிசையில் பாடும். அவற்றுக்கு ஃபைல் பெயருக்கு முன்னால் 01, 02 என்று போட்டு, அதே வரிசையில் நகலெடுக்க வேண்டியிருக்கும்.

கதை, சொற்பொழிவு போன்ற நீண்ட பதிவுகளைக் கேட்பவர்கள், அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டால் விட்ட இடத்திலிருந்தே தொடர்கிறதா என்று பாருங்கள். இது இல்லையென்றால் ஒன்றரை மணி நேர ஃபைலில் இடம் தேடியே வெறுத்துப்போகும்.

பேட்டரியும் கார்டும்

பெட்டியில் ‘40 மணி நேரம்’ என்று போட்டிருந்தால் அது திரை அணைந்து, மிதமான வால்யூமில், சாதாரண எம்பி3யை வயரில் கேட்டு எடுத்த கணக்காகத்தான் இருக்கும். புளூடூத், வைஃபை, பெரிய திரை எல்லாம் சேர்ந்தால் அந்த எண் வெகுவாக இறங்கும். சில நூறு முறை முழுதாக ஏற்றி இறக்கியதும் லித்தியம் பேட்டரியின் கொள்ளளவு குறையத் தொடங்கும். அதனால் தேவையைவிடக் கொஞ்சம் அதிகமாகவே பார்த்து வாங்குங்கள். சார்ஜ் துளை டைப்-சியாக இருந்தால் தனி வயர் தேட வேண்டியதில்லை.

கார்டின் வேகத்துக்குப் பணம் கொட்டாதீர்கள். சிடி தரப் பாட்டுக்கே நொடிக்கு 0.2 எம்பிகூடத் தேவைப்படாது. பழைய பிளேயரில் ‘32 ஜிபி வரை’ என்று இருந்தால், அதற்கு மேற்பட்ட கார்டுகள் எக்ஸ்ஃபேட் என்ற வேறு அமைப்பில் வருவதுதான் பெரும்பாலும் காரணம். கணினியில் அதை ஃபேட்32க்கு மாற்றிக் கொடுத்தால் சில பிளேயர்கள் ஏற்றுக்கொள்ளும். போலிக் கார்டுகள் நிறைய உலவுகின்றன. 128 ஜிபி என்று காட்டும், உள்ளே 8 ஜிபிதான் இருக்கும், அதற்கு மேல் எழுதியதெல்லாம் காற்றில் போகும். வாங்கியவுடன் கார்டை முழுக்க நிரப்பி, திரும்பப் படித்துச் சரிபாருங்கள். இதைச் செய்ய எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது.

பழைய ஐபாடைத் தேடி வாங்குகிறவர்களும் உண்டு. 2022 மே மாதம் ஆப்பிள் ஐபாடை நிறுத்திவிட்டது. ஹார்டு டிஸ்க் உள்ள பழைய மாடல்களைக் காதருகே வைத்துக் கேளுங்கள். ‘டிக் டிக்’ என்று தட்டும் சத்தம் வந்தால் வேண்டாம். பின்புறம் உப்பியிருந்தால் பேட்டரி வீங்கியிருக்கலாம், அதைத் தொடவே வேண்டாம். நல்ல நிலையில் உள்ள பழைய பிளேயர்கள் சிலவற்றில் ராக்பாக்ஸ் என்ற திறந்த மூல மென்பொருளை நிறுவலாம். ஃபிளாக், கேப்லெஸ் எல்லாம் அதில் கிடைக்கும். கொஞ்சம் கைவேலை தெரிந்தவர்களுக்கு அது நல்ல வழி.

வாங்கிய முதல் வாரம்

திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் எல்லாவற்றையும் சோதித்துவிடுங்கள். ஓர் ஆல்பத்தைத் தொடக்கம் முதல் கடைசி வரை ஓடவிடுங்கள். ஒரு முறை முழுதாகச் சார்ஜ் ஏற்றி, தீரும் வரை ஓட்டி நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இயர்போன் துளையில் வயரை மெல்லத் திருப்பிப் பாருங்கள், ஒரு பக்கம் விட்டு விட்டுக் கேட்டால் அன்றே மாற்றிவிடுங்கள்.

வால்யூமுக்கும் அந்த வாரமே ஓர் எல்லை வைத்துவிடுங்கள். 80 டெசிபல் சத்தத்தில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 90 டெசிபலுக்குப் போனால் அது வாரத்துக்கு 4 மணி நேரமாகச் சுருங்கிவிடும். காதுக்குள் செத்துப்போன நுண்மயிர்ச் செல்கள் மறுபடி முளைக்காது, அதனால் இதில் எனக்குச் சமரசமே கிடையாது. பல பிளேயர்களில் உச்ச வால்யூமைப் பூட்டும் அமைப்பு உண்டு. அமைதியான அறையில் உங்களுக்கு இதமாக இருக்கும் அளவைக் கண்டுபிடித்து, அதற்குச் சற்று மேலே பூட்டுங்கள். குழந்தைக்குக் கொடுப்பதாக இருந்தால் இன்னும் கீழே. இரைச்சலான பேருந்திலும் ரயிலிலும் வால்யூமை ஏற்றத் தோன்றும். அங்கே காதை நன்றாக அடைக்கும் இயர்போன் இருந்தால் ஏற்ற வேண்டிய தேவையே வராது. ரப்பர் முனைகள் மூன்று அளவில் பெட்டிக்குள்ளேயே இருக்கும். மூன்றையும் போட்டுப் பார்த்து, எதில் வெளிச்சத்தம் குறைந்து பாஸ் நிறைவாகக் கேட்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு காதுக்கும் ஒரே அளவு பொருந்தாமலும் போகலாம். எனக்கு வலது காதுக்கு நடு அளவு, இடது காதுக்குச் சின்னது.